ம் கொட்டும் வேலை

நெல் வயலில் இறங்கிய லாரியை அங்கேயே விட்டுவிட்டு நானும் டிரைவர் அண்ணனும் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். என் செருப்பு சேற்றோடு போய்விட்டது. முன்பே ஒருமுறை அண்ணன் தூங்கிப்போய்ப் புளியமரத்தில் மோதியிருந்ததால், இன்னொரு தடவை தூங்கினால் சாவியைப் பிடுங்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது.

அண்ணனுக்குப் பேசினால்தான் விழிப்பு. யாரும் ம் கொட்டாவிட்டால் ஓட்டும்போதே கண் சொருகிவிடும். அதற்காகவே என்னைக் கிளீனராக வைத்திருந்தார். எனக்கோ தனியாக இருந்தால் தூக்கமே வராது. யாராவது பேசினால் கண் தானாக மூடிக்கொள்ளும். தூங்கிக்கொண்டே ம் கொட்டப் பழகியிருந்தேன். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது, வண்டி வயலில் இறங்கியது. முந்தின வாரம் என்னையே பேசச் சொல்லிப் பார்த்தார். பேச எதுவும் இல்லாததால் மைல்கல்லைப் படித்துச் சொன்னேன். இரண்டாவது கல்லில் அவர் குறட்டை விட்டார்.

மண்டியில் முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி என்ன நடந்தது என்று கேட்டார். அதிகம் பேசாத மனிதர். அண்ணன், குறுக்கே வந்த ஒரு மாட்டில் ஆரம்பித்து மாட்டுக்காரரின் மச்சினன் கல்யாணம் வரைக்கும் போனார். முதலாளியின் தலை மெல்லச் சாய்ந்தது.

"அதனால நாளைக்கும் நானே வண்டிய எடுக்கறேனுங்க. சரிதானுங்களே?"

"ம்," என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமல்.

"கேட்டியா கண்ணு? சரின்னுட்டாரு."

"அவரு தூங்கறாருங்கண்ணா."

"நீயுந்தான் தூங்கிட்டே ம் கொட்டுனே. நான் நம்பி ஓட்டலியா?"

முதலாளி விழித்துக்கொண்டார். தூங்கியதை எங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை.

"சொன்னது சொன்னதுதான்," என்றார். "ஆனா இந்தப் பையன் உன் பக்கத்துல உக்காரக்கூடாது."

சாயங்காலம் மாடு கட்டி லாரியை இழுத்தார்கள். மறுநாள் காலை வாழைத்தார் லோடின் மேல் என்னை ஏற்றி, கையில் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்தார்கள். கோயமுத்தூர் வரைக்கும் டிரைவர் தலைக்கு மேலே தகரத்தைத் தட்டிக்கொண்டே வர வேண்டும், அதுதான் வேலை. கீழே அவர் பேசிக்கொண்டே போனார். காற்றில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் முழு விழிப்போடு தட்டிக்கொண்டிருந்தேன்.