ஒன்றாம் ட்ரேயும் என் வீட்டுக்காரரும்

பிரிண்டர் பழுது பார்க்கிற வேலையில் மை கையில் ஒட்டும், கழுவினால் போய்விடும். ட்ரே பெயர் மண்டையில் ஒட்டும், அது போகவே போகாது.

நீங்களும் பட்டிருப்பீர்கள். அச்சடிக்கப் போனால் கம்ப்யூட்டர் ஒரு பட்டியலை நீட்டும். ட்ரே 1, ட்ரே 2, மல்டி பர்ப்பஸ் ட்ரே, மேனுவல் ஃபீட், ஆட்டோ செலக்ட். எதிரே மெஷினில் இருப்பதோ இரண்டே டிராயர், பக்கவாட்டில் திறக்கிற ஒரு மடக்குத் தட்டு. இந்தப் பெயரையெல்லாம் வைத்த புண்ணியவானை ஒருநாள் எங்கள் தூத்துக்குடி வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டும்.

நான் மில்லர்புரத்துக்காரி. ஸ்கூட்டியில் ரோலரும் ஸ்குரு டிரைவருமாக ஊரெல்லாம் சுற்றுகிறவள். என் வீட்டுக்காரர் ஜெரால்டு சரக்குக் கப்பலில் சமையல் ஆள். எட்டு மாசம் என்று சொல்லித்தான் ஏறினார். மாற்று ஆள் வரவில்லை என்று பதினோராவது மாசமும் ஓடிக்கொண்டிருந்தது. அவரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று நான் கிடந்த நாளில் நடந்தவை இவை.

பெட்டியில் ஒன்று, திரையில் இரண்டு

உப்புக் கம்பெனி அண்ணாச்சி ஒருவர் காலையிலேயே போன் போட்டுக் கத்தினார். பெயர் அச்சிட்ட நல்ல தாளை ஒன்று என்று ஒட்டியிருக்கும் டிராயரில் வைத்து, கம்ப்யூட்டரிலும் ட்ரே 1 என்றுதான் கொடுத்தாராம். கடிதம் வெறும் வெள்ளைத் தாளில் வருகிறதாம். போய்ப் பார்த்தேன். அந்த மாடலில் பக்கவாட்டு மடக்குத் தட்டுக்குத்தான் ட்ரே 1 என்று பெயர். டிராயரில் ஒன்று என்று ஒட்டியிருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ட்ரே 2.

மடக்குத் தட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டி, "அண்ணாச்சி, இதுதான் ஒண்ணு. மறந்துராதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன். அவர் டிராயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எம்மா, வீட்டுல மூத்தவன் எவன்னே தெரியல, நான் யாருக்கு முதல்ல இலை போட?"

காற்று எச்சரிக்கை

ஒரு கடற்கரை ஊர் மாதா கோயில் ஆபீஸ். பெயர் சொன்னால் அடுத்த தடவை என்னை உள்ளே விட மாட்டார்கள். காற்று பலமாக இருக்கும், இரண்டு நாளைக்கு யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று நாற்பது அறிவிப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாமியாருக்கு ஒத்தாசையாக ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் நல்ல மனுசன், ஆட்டோ செலக்ட் என்றால் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டார். மெஷின் பார்த்துத்தான் எடுத்தது. ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு வைத்திருந்த தடித்த தாள், பொன் நிறக் கரை, மேலே புறா.

அதை ஊரில் ஒருத்தரும் சுவரில் ஒட்டவில்லை. கோயில் தாள் என்று பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் ஒரு படகுகூட இறங்கவில்லையாம். உபதேசியாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிளம்பும்போது மிச்சமிருந்த ஒன்றை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கடலுக்குப் போக வேண்டாம் என்று அவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒட்டப்போகிறேன் என்றேன். ஜெரால்டு கப்பலில் இருப்பது அவருக்குத் தெரியும்.

"இது வீட்டுல இருக்கவனுக்கும்மா. போனவனுக்கு என்னத்த ஒட்ட?"

கேப்டன் பக்கத்தில்

கப்பலில் நெட் கிடைப்பதே அபூர்வம். வாட்ஸ்அப்பில் அவர் கூப்பிட்டால் ஓட்டுகிற வண்டியை அப்படியே ஓரங்கட்டிவிடுவேன். அன்றைக்கு எடுத்ததும், "ஏளா, கேப்டன் ரூம்ல பிரிண்டர் மக்கர் பண்ணுது. என் வீட்டுக்காரிக்கு இதுதான் வேலைன்னு சொல்லிட்டேன்" என்கிறார். நாசமாய்ப் போக! அந்த மெஷினில் ட்ரே என்ற பேச்சே இல்லை. அப்பர் காசெட், லோயர் காசெட், பைபாஸ்.

உப்பளத்து ரோட்டில், உச்சி வெயிலில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பாடம் நடத்தினேன். பைபாஸ் என்றால் பக்கத்துத் தட்டு, அதைத் திறங்க, தாளைத் திருப்பி வைங்க. பன்னிரண்டு நிமிஷம் பேசினோம். சாப்பிட்டீங்களா, இளைச்சுட்டீங்களா, ராத்திரி தூக்கம் வருதா, என்னை நினைக்கிறீங்களா, ஒன்றும் கேட்கவில்லை. பிரிண்டர் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. சரியாகிவிட்டதே, போனை வைக்கவா என்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வச்சிராத. கேப்டன் பக்கத்துலயே நிக்காரு. நீ ட்ரே பத்தியே பேசிக்கிட்டிரு, நான் உன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பதின்மூன்று மஞ்சள் தாள்

அப்புறம்தான் அந்தச் சேதி வந்தது. அவர் கப்பல் எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கே சரக்கேற்ற வருகிறது! காலையில் கட்டி, சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். கரையில் இறங்க ஆளுக்கொரு பாஸ் வேண்டும். கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் மஞ்சள் தாளில் அடித்துக் கொடுக்க, அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் விடியலிலேயே நண்டு வாங்கிக் குழம்பு வைத்துவிட்டேன், அவர் ஆக்கிப் போட்டே அலுத்த மனுசன், ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று.

பதினொன்றரைக்குப் போன். அதே ஏஜெண்டு ஆபீஸ், கிளார்க் சங்கரன் அண்ணாச்சி. பாஸ் வெள்ளைத் தாளில் வருகிறது, கப்பல் ஆட்கள் பட்டியல் மஞ்சள் தாளில் வருகிறது, உடனே வாம்மா என்றார். பறந்தேன். இறங்குகிறவர்கள் பதின்மூன்று பேர். வீணானது போக மஞ்சள் தாளும் பதின்மூன்றுதான். மடக்குத் தட்டில் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரி பண்ணிவிட்டேன். சரிதானா என்று பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு டெஸ்ட் பேஜ் அடிப்பது என் பழக்கம். எதிரே டிராயரில் ஒன்று என்று ஒட்டியிருந்தது. மனசு முழுக்க நண்டுக் குழம்பும் நாலு மணியும். ட்ரே 1 என்று கொடுத்து அமுக்கிவிட்டேன்.

உப்புக் கம்பெனியில் பார்த்த அதே மாடல். மஞ்சள் தாள் ஒன்று கலர் கலராகக் கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

மிச்சம் பன்னிரண்டு. பதவி வரிசைப்படி அடித்தால் கேப்டன் முதலில், சமையல் ஆள் கடைசியில். பதின்மூன்றாவது பெயர் ஜெரால்டு. அவருக்கு மேலே பன்னிரண்டாவதாக இருக்கிற பையன் பெயரை எடுத்துவிடவா என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். ஆமா என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பையனும் மண்ணில் கால் வைத்து எத்தனை மாசமோ? வேண்டாம் என்றேன். ஊருக்குள் இருக்கிற அவர்களுடைய இன்னொரு ஆபீஸிலிருந்து புதுக் கட்டுத் தாள் வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அதிகாரி பன்னிரண்டு பாஸிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குப் போயிருந்தார். நாலு மணி வரை நாங்கள் அவரைத் தேடாத இடம் இல்லை.

ஏஜெண்டு ஆபீஸ் மொட்டை மாடியில் போய் நின்றேன். நிலக்கரிக் குவியலுக்கு அந்தப் பக்கம் கப்பல் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் வெள்ளைப் பனியன் ஒன்று கையை ஆட்டியது. முகம் தெரியவில்லை. போன் அடித்தது. "நான்தாங்க கெடுத்தேன், நான்தான் ட்ரேயை மாத்திக் கொடுத்தேன், என் கையாலேயே..." என்று அழுதேன். அவர் குறுக்கிட்டார்.

"ஏளா, அழாத. இப்ப கேப்டன் பக்கத்துல இல்ல. என்ன வேணும்னாலும் பேசு, அந்த ட்ரேயை மட்டும் விட்டுரு."

கரை தெரிகிற வரைக்கும், சிக்னல் இருக்கிற வரைக்கும், நண்டுக் குழம்பு பற்றிப் பேசினோம்.

இந்தத் தூத்துக்குடியில் யார் ஆபீஸில் எந்தத் தாள் எந்த ட்ரேயில் மாட்டிக்கொண்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன் மக்களே, என் ஆளை வெளியே எடுக்க எதை அமுக்குவது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.