வாய்க்கால்கரை கால்பந்துக் கழகத்துக்கு இடம் கிடைத்த கதை

அத்தை லீவில் வந்திருக்கிறாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒரு நாள் லீவு விடுவதற்கே ஆயிரம் யோசிப்பார்கள். வேதாரண்யத்தில் டீச்சர்களுக்குத் தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரைக்கும் லீவு விடுகிறார்களே, நாமும் அங்கே போய்ப் படித்திருக்கலாமே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. வேதாரண்யத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். ஒரு சூட்கேஸ், ஒரு விசில், வலைப்பையில் ஒரு கால்பந்து, இவ்வளவுதான் கொண்டுவந்திருந்தாள். மாமா வரவில்லை. மாமா எங்கே என்று கேட்டபோது அம்மா என்னைப் பால் வாங்கிவர அனுப்பினாள். பால் ஏற்கெனவே வாங்கி, காய்ச்சி, ஆடையும் எடுத்தாகிவிட்டிருந்தது.

எங்கள் ஊர் குத்தாலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். ஊர்ப் பையன்களுக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். பெண்பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது, பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துத் தரலாம். கல்லூரி அணியில் கால்பந்து ஆடிய அத்தையால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்க முடியவில்லை. மார்கழி மழை ஓய்ந்ததும் மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் வீடுவீடாக ஏறி இறங்கி, பையன்களையும் எங்களையும் சேர்த்து ஒரு கழகம் ஆரம்பித்தாள்.

முதல் சண்டை பெயருக்குத்தான் வந்தது. மேலத்தெருப் பையன்கள் தங்கள் தெருப் பெயரை வைக்கச் சொன்னார்கள். கீழத்தெருக்காரர்கள் அப்படியானால் வரவே மாட்டோம் என்றார்கள். புலி, சிங்கம், கழுகு எல்லாம் வரிசையாக வந்து போயின. கடைசியில் அத்தைதான் இரண்டு தெருவுக்கும் நடுவே ஓடுகிற வாய்க்காலைக் கைகாட்டினாள். வாய்க்கால்கரை கால்பந்துக் கழகம். கேட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று பையன்கள் முனகினார்கள்.

காணும் பொங்கலன்று, நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் கழகம் தொடங்கியது. நல்ல அகலம், முள் இல்லை, மேடு பள்ளம் இல்லை. இப்படி ஓர் இடம் இத்தனை நாளும் ஏன் சும்மா கிடக்கிறது என்று அத்தைக்கு ஆச்சரியம். கடலோரத்தில் இருந்துவிட்டு வந்தவளுக்கு மறந்திருக்கலாம். நெல் விளைகிற ஊரில் பிறந்த எங்களுக்கும் பந்தைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துபோனதுதான் விசேஷம். சம்பா அறுப்பு தொடங்கியது. அடுத்த வாரமே டிராக்டர் டிராக்டராக நெல் வந்து இறங்க, எங்கள் மைதானம் முழுக்கக் குவியல் குவியலாக மஞ்சள் மலைகள்.

குவியல்களுக்கு இடையிலும் விடாமல் ஆடினோம். பந்து ஒரு குவியலின் உச்சியில் போய்ச் செருகிக்கொண்டது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல் இருந்த பெரியவர் எழுந்து போய் அதை எடுத்தார். எறிவார் என்று எல்லோரும் கைநீட்டி நின்றோம். அவர் அதை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.

"நெல்லு கெடக்குற எடத்துல கால் படலாமாடா? அதுல பந்தை வேற உதைக்கிறீங்க. கொள்முதல் முடியட்டும், வந்து வாங்கிட்டுப் போங்க."

அத்தை வந்து, "தப்புதாங்க, புள்ளைங்களுக்குத் தெரியல" என்று மன்னிப்புக் கேட்டு வாங்கித் தந்தாள். பந்து வந்தது, இடம் போயிற்று. பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டால் ஜன்னல் கண்ணாடி உடையும் என்றார்கள். கோயில் வாசலில் தேருக்குக் கொட்டகை போடப்போவதாகச் சொன்னார்கள். கீழத்தெருப் பையன்கள் இரண்டு பேர் மட்டையை எடுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்கே திரும்பிவிட்டார்கள். கழகம் ஒரு மாதம்கூடத் தாங்காது போலிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோல்கீப்பராக நிற்பதுதான் நான் அதுவரை உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

"எடத்த நான் பாத்துத் தர்றேன். நீங்க கலைஞ்சு போயிடாதீங்க, அது போதும்" என்றாள் அத்தை.

அந்தச் சமயத்தில் பெரியப்பா சென்னையிலிருந்து வந்திருந்தார். பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து நிலம், பங்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"சட்டம் இருக்கு, நீ கேட்டா குடுத்துத்தான் ஆவணும்" என்றார் பெரியப்பா. "ஆனா அதுக்கப்பறம் அண்ணன் தங்கச்சின்னு வாசப்படி மிதிக்க முடியுமா, யோசிச்சுக்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஞ்சையில எனக்கு ஒண்ணும் வேண்டாம்ண்ணே. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்றாள் அத்தை. "அந்தத் திடலை மட்டும் குடுங்க."

எனக்கு அது போதும். அத்தை மேற்கொண்டு என்ன சொன்னாள் என்று கேட்க நான் அங்கே இல்லை. சொம்பை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு இரண்டு மா அளவில், முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு திடல் இருந்தது. தண்ணீர் ஏறாத மேட்டு நிலம், அதனால் நெல் கிடையாது. நான்கைந்து தென்னையும் ஒரு வைக்கோல் போரும் ஓரமாக நின்றன. அத்தை நமக்காகச் சண்டை போட்டுத் திடலை வாங்கிவிட்டாள் என்று இரண்டு தெருவிலும் நான் தண்டோரா போடாத குறை. கிரிக்கெட்டுக்குப் போன இரண்டு பேரும் மட்டையோடு திரும்பி வந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் அத்தை குளித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு, கொத்தனாரோடு திடலுக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். கொத்தனாரா? கோல்போஸ்ட்டுக்குக் குழி எடுக்கத்தான். கழகம் மொத்தமும் திரண்டு போனோம்.

அங்கே வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தெற்கு ஓரமாக முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, நூலை ஒட்டிச் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய கட்டம், அதற்குள் ஒரு சின்னக் கட்டம். அத்தை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டிய அதே பெனால்டி பாக்ஸ். உள்ளே இருக்கும் சின்னக் கட்டம் நடுவில் இல்லாமல் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. கொத்தனாருக்குக் கால்பந்து தெரியாது, அத்தை பார்த்துச் சரிசெய்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். முளைக்குச்சிகளின் தலையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. ஒன்றின் அடியில் தேங்காய் உடைத்திருந்தார்கள். கழகத்துக்குப் பூஜையெல்லாம் போடுகிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத்தை, இதுதானே நம்ம பெனால்டி பாக்ஸ்?" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் சின்னக் கட்டத்துக்குள் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பையன்கள் ஓவென்று கத்தினார்கள். யாரோ பந்தை உதைத்தே விட்டார்கள்.

அத்தை எங்களைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள். கையில் இருந்த சூடத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஆமா" என்றாள். "பெனால்டி பாக்ஸ்தான்."

கொத்தனார் நிமிர்ந்தார். "நாள் பாத்துப் போட்டதும்மா."

"நல்ல நாள்தானே கொத்தனாரே, அதுக்கென்ன. அந்தச் சின்னக் கட்டம் அப்படியே இருக்கட்டும். பெரிசை அது நடுவுல வர்ற மாதிரி நகர்த்திப் போடுங்க. இன்னும் அகலமா."

கொத்தனார் முளைகளைப் பிடுங்கி மறுபடி அடித்தார். சாயங்காலத்துக்குள் மூங்கில் கோல்போஸ்ட் நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்த அப்பா சைக்கிளை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"இருக்கட்டும்ண்ணே. அப்பறம் பாத்துக்கலாம்."

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. குத்தாலத்தில் அடித்து வந்த பிளெக்ஸில் நாங்கள் எல்லோரும் கூலிங் கிளாஸ் போட்டு நின்றோம். எங்கள் தலைக்கு மேல் அப்பாவின் பெரிய படம், 'இடம் தந்த வள்ளல்' என்று கீழே. அந்த வாசகம் அத்தை எழுதிக்கொடுத்தது. பொன்னாடையையும் அவளே வாங்கி வந்து, என் கையில் கொடுத்துப் போர்த்தச் சொன்னாள். ஊரே கைதட்டியது. அப்பா அதைத் தோளில் தங்கவிடவில்லை. உடனே எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், விழா முடியும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பாவுக்குக் கூச்சம் என்று நினைத்தேன்.

வைகாசியில் அத்தைக்குக் குத்தாலத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயே வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம்.

"ஏம்மா, அத்தை நம்ம வீட்டுலயே இருந்தா என்ன?"

"ஒருத்தர் வீட்டுல எவ்வளவு நாளைக்குடி இருக்க முடியும்?"

யார் அந்த ஒருத்தர்? அத்தை பிறந்ததே அந்த வீட்டில்தானே. அம்மா சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஆனால் சனி, ஞாயிறு தவறாமல் காலை முதல் பஸ்ஸில் அத்தை வந்துவிடுவாள். திடலில் நின்று விசிலை ஊதுவாள். பந்து வரும்போதெல்லாம் நான் பயந்து பின்னால் போவேன். "எடத்த விட்டு நகராத! நில்லு!" என்று அவள் போடுகிற சத்தம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும்.

நாங்கள் மாவட்டப் போட்டி வரை போனோம். எங்களில் ஒருத்தி ரயில்வேயில் வேலை வாங்கினாள். இன்றைக்கும் வாய்க்கால்கரைக் கழகம் அதே திடலில்தான் ஆடுகிறது. நாங்கள் நின்ற இடத்தில் இன்று எங்கள் பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் நிற்கிறார்கள். அத்தை இன்னும் குத்தாலத்தில்தான், வாடகை வீட்டில்தான்.

போன மாதம் தஞ்சாவூருக்கு வெளியே நானும் கணவரும் வாங்கிய மனையில் வீடு கட்டப் பூஜை போட்டோம். கொத்தனார் முளைக்குச்சி அடித்தார். தலையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். நூல் கட்டினார். நூலை ஒட்டிச் சுண்ணாம்புத் தூள் போட்டார். ஒரு பெரிய கட்டம், அதற்குள் ஒரு மூலையில் ஒரு சின்னக் கட்டம்.

"அட, பெனால்டி பாக்ஸ்" என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அத்தை என் பக்கத்தில்தான் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"அத்தை... நான் நின்ன அந்தச் சின்னக் கட்டம்?"

"சமையக்கட்டு" என்றாள் அத்தை. "சூடம் அணையுது பாரு, வாங்கி வை."