சுண்டுவிரலில் சுற்றிய நூல்

முதலில் நான் நூலைத்தான் திட்டினேன். ஒரு வரியில் ஓட்டைகள் ஒழுங்காக விழுந்தன. அடுத்த நாலு வரியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ரேந்தை, அதாவது லேஸ் பின்னிய சால்வைக்கு ஓட்டைதான் அழகு. ஆனால் எல்லா ஓட்டையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அவிழ்த்தேன், பின்னினேன், மறுபடி அவிழ்த்தேன். பழைய நூல், பெட்டியில் கிடந்து முறுக்கு விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்படியே மூன்று மாதம் போனது.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது, கையில் பிடித்த பொருள் பிடித்ததுபோல் தெரியாவிட்டால், தயவுசெய்து பொருளைத் திட்டாதீர்கள். அந்த மூன்று மாதத்தை நான் சும்மா தொலைத்தேன்.

பின்னத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் ஊசியின் வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வேலை செய்வது வலக்கைச் சுண்டுவிரல். உருண்டையிலிருந்து வரும் நூல் அந்த விரலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் ஆள்காட்டி விரலுக்குப் போகும். எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை அது தானாகவே பார்த்துக்கொள்ளும். இத்தனை வருஷம் பின்னியும் அப்படி ஒரு விரல் இருப்பதையே நான் நினைத்துப் பார்த்ததில்லை.

எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் டீமேக்கர். தொழிற்சாலைக்கு மேலே எங்கள் குவார்ட்டர்ஸ். பின்னல் நான் மாத்தளையில் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்றது. வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, துரைச்சாணி ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கம்பளி நூலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முழு உருண்டைகள் கொஞ்சம். மீதியெல்லாம் துண்டு துணுக்கு. பிறகு கடைகளுக்கு வெளிநாட்டு நூல் வருவது நின்றே போனது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. நூலுக்கு எங்கே போவது? பெட்டியில் இருப்பதை எடுத்து, எந்த நிறம் எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்து, அதற்கேற்ற மாதிரியை நானே கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் வரைவேன். கறுப்புக் கட்டம் கண்ணி, வெறுங்கட்டம் ஓட்டை.

அந்த முறை வரைந்தது வசவாசி மாதிரி. சாதிக்காய்க் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வலை படர்ந்திருக்குமே, அதுதான் வசவாசி. அதன் வளைவுகளைக் கட்டத்துக்குள் கொண்டுவர இரண்டு வாரம் பிடித்தது. என் மகள் மல்லிகா மாத்தளை டவுனில் வாழ்க்கைப்பட்டு, முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வர நாள் பார்த்திருந்தோம். சால்வை அந்தப் பிள்ளைக்கு.

ஓட்டை ஒழுங்கோ இல்லையோ, ஒருவழியாகச் சால்வையை முடித்தேன். அந்த வாரம் ஒரு காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் குசினி வாசலில் நின்று கத்தினார்.

“அடியே, கையப் பாரு! கை வேகுது!”

ரொட்டியைத் திருப்பும்போது சுண்டுவிரலின் ஓரம் சூடான கல்லில் படிந்திருந்தது. நாற்றம் எனக்கும் வந்தது. ரொட்டிதான் தீய்கிறது என்று நினைத்திருந்தேன்.

“வலிக்கலையா புள்ள?”

“இல்லீங்களே” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

வாடிய கொழுந்தைக் கைக்குள் பிடித்துப் பார்த்தே பதம் சொல்கிற மனிதர் அவர். என் விரலைப் பிடித்து நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்திக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்.

டிஸ்பென்சர் ஐயா புண்ணுக்கு மருந்து கட்டும்போது முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய படையைக் கவனித்தார். நான் அதைத் தேமல் என்று விட்டிருந்தேன். பென்சில் முனையால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்படி துண்டு எழுதித் தந்தார். என்ன வியாதி என்று கேட்டேன்.

“அங்க சொல்லுவாங்கம்மா” என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கண்டியில் தோல் நோய் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். உக்குவளையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சு படும்போதெல்லாம் படுகிறது என்று சொல்ல வேண்டும். தோளில் பட்டது, சொன்னேன். மேற்கையில் பட்டது, சொன்னேன். அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடிப்பது கேட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டேன்.

“நான் நிறுத்தவில்லை. நாலைந்து தடவை தொட்டுவிட்டேன்.”

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டுவிரலின் மேல்தான் இருந்தது.

தொழுநோய் என்றார். எங்கள் பக்கத்தில் பெருவியாதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது. என்னைத் தாக்கியது அல்னர் நரம்பை (முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயுமே, அந்த நரம்பு). அது தடித்துப்போயிருந்தது. அவர் என் இடக்கை விரலை எடுத்து வலது முழங்கையின் உட்புறத்தில் வைத்து அழுத்திக் காட்டினார். தோலுக்கடியில் ஒரு கயிறு கிடப்பதுபோல் இருந்தது.

கை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. “மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரணும். வரலாமா?” என்றுதான் கேட்டேன்.

“தாராளமாக வரலாம். இந்த வகை மற்றவர்களுக்கு ஒட்டாது. குழந்தையை நீங்களே குளிப்பாட்டலாம். ஆனால் தண்ணீரின் சூட்டை வேறு யாராவது பார்க்க வேண்டும்” என்றார். டாப்சோன் மாத்திரை (தொழுநோய்க் கிருமியை அடக்கும் மருந்து) வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். விரலின் பலம் திரும்ப வரலாம். உணர்ச்சிக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது.

சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு பாய் என்று ஒதுக்கிக்கொண்டேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர், மூன்றாம் நாள் என் தட்டை இழுத்து மிச்சச் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். நான் போட்ட கூச்சல் தொழிலாளர் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“டொக்டர் படிச்சவங்களா, நீ படிச்சவளா?” என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பெரிய அண்டாவில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டு, சால்வையை அதற்குள் அமுக்கினேன். பிள்ளையின் மேல் படப்போகிற துணி, ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் புத்தியில் இருந்தது. கட்டையால் கிளறிக்கொண்டே இருந்தேன்.

கம்பளியைக் கொதிக்கவைக்கக் கூடாது என்பது பின்னுகிறவர்களுக்கு முதல் பாடம். நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆறின பிறகு எடுத்தபோது, கால் துடைக்கிற கம்பளிபோல் தடித்துச் சுருங்கி, ஒரு முழங்கூட இல்லாமல் கிடந்தது. ஓட்டைகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. நோயின் பெயரைக் கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. குசினித் தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். நோய் கெடுத்ததைவிட நானே கெடுத்துக்கொண்டது பெரிதாகத் தெரிந்தது.

மல்லிகாவை அழைத்துவர வேண்டிய நாள் நெருங்கியது. சம்பந்தி வீட்டில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை.

“ஒட்டாதுன்னு டொக்டரே சொல்லிட்டாங்க. பேசாம கூட்டிட்டு வந்துருவோம்” என்றார் வீட்டுக்காரர்.

“நாளைக்கி வேற யாரும் சொல்லித் தெரிஞ்சா, நம்ம புள்ள அந்த வீட்டுல தலையத் தூக்கிட்டு இருக்க முடியுங்களா?”

மாத்தளைக்குப் போய் நானே சொன்னேன். சம்பந்தியம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். “ஒடம்பப் பாத்துக்கங்க சம்பந்தி. மல்லிகா இங்கேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியும் கிட்டத்துல இருக்கு” என்றார். நான் கொண்டுபோன பலகாரப் பை, புறப்படும்போது முடிச்சு அவிழாமல் வீட்டுக்காரரின் கைக்கே திரும்பி வந்தது.

மல்லிகா நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான்தான் பின்னால் போனேன். சம்பந்தியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு அலுப்புத்தான் ஞாபகம். டாப்சோனில் இரத்தம் குறைந்து, வாசலுக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. நரம்பு வீங்கி, முழங்கையில் இரவும் பகலும் குடைச்சல். அதற்குப் பிரெட்னிசோலோன் (வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை). மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கத் தொடங்கியதால், படுக்கும்போது பலகைத் துண்டில் வைத்துக் கட்டிவிட்டார்கள். பகலில் எண்ணெய் தடவி, மேசையில் வைத்து நீவி நீவி நிமிர்த்த வேண்டும். சோறு பிசைந்தால் ஓரத்தால் ஒழுகும். கரண்டியால் சாப்பிடப் பழகினேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் மாத்தளையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“பேரன். ரெண்டு பேரும் சொகம். மூக்கு ஒன்னோடதுதான்.”

எத்தனை மணிக்குப் பிறந்தான், தலையில் முடி இருக்கிறதா, யார் முதலில் தூக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததையும் சொன்னார். நான் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், தண்ணீர் ஊற்றாமல் நின்றேன்.

பின்னலைத் திரும்பத் தொடங்கச் சொன்னது டொக்டர்தான், விரலுக்குப் பயிற்சியாக. நூலைச் சுண்டுவிரலை விட்டு நடுவிரலுக்கு மாற்றினேன். முன்பு ஊர்க்கதை பேசிக்கொண்டே நாலு வரி போடுவேன். இப்போது ஒவ்வொரு கண்ணியையும் கண்ணால் பார்த்து, இழு, விடு என்று நானே சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். பெட்டியிலிருந்த நூலுக்கு ஏற்ற மாதிரியை வரைந்தது போய், என் கைக்கு ஏற்ற மாதிரியை வரைந்தேன். ஓட்டைகள் குறைவு, பெரிது. அழகுதான் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு எனக்குத் தெரிந்த புத்திமதி ஒன்றே ஒன்று. பொழுது சாயும்போது வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கொப்புளம், கீறல், முள் எதுவானாலும் கண்தான் சொல்லும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடவே வேண்டாம். எனக்கு இதற்கே ஒரு வருஷம் பிடித்தது, இன்னும் மறந்துபோகிறது.

பேரனுக்கு நாலு மாதம் ஆகியிருந்தபோது, கண்டி ஆஸ்பத்திரி வாங்குப் பெஞ்சில் மருமகன் உட்கார்ந்திருந்தார். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. கையில் தொப்பியை வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“அத்தை, நானும் உள்ளுக்கு வரலாமா?”

டொக்டரிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. “இவங்க எங்க குழந்தையைத் தூக்கலாமா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“பிறந்த அன்றே தூக்கியிருக்கலாமே. இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?” என்றார் டொக்டர்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். அந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்கடுவை பஸ்ஸில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மல்லிகா நேரே வீட்டுக்குள் வந்தாள். நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கு வந்து பிள்ளையை என் மடியில் போட்டாள்.

“புடிங்கம்மா, தோள் விட்டுப்போச்சு” என்றாள்.

நான் பின்னால் போக இடமில்லை, பின்னால் சுவர். இடக்கையை அவன் தலைக்கு அடியில் கொடுத்தேன். வலக்கையை மேலே வைக்கவும் பயம், எடுக்கவும் மனமில்லை. அவன் நெஞ்சின் மேல் சும்மா வைத்துக்கொண்டேன். மல்லிகா தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிக்கொண்டே பேசினாள். மாமியார் இரண்டு நாளாகப் பேசவில்லையாம். போகட்டும், பேசுவார் என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மருமகனிடம் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஏதேதோ பதில் சொன்னேன்.

மல்லிகா கோப்பைகளோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அம்மா, விரலப் பாருங்க.”

குனிந்து பார்த்தேன். பேரன் என் வலக்கைச் சுண்டுவிரலை முழுக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். பிடித்த பிடியில் அவன் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எப்போது பிடித்தான் என்று எனக்குத் தெரியாது. மடியில் போட்டவுடனேயே பிடித்தானோ, இப்போதுதான் பிடித்தானோ. தேத்தண்ணி ஆறியது. கண்ணை எடுத்தால் எனக்கு அது இல்லாமல் போய்விடும் என்பதால், அவனாக விடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.