போ என்று வளர்த்தவள்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியறையில், உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வாரம் முழுவதும் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுப்பவள் விஜயலெட்சுமி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். அன்றைய பாடம், நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு சரித்திர நாடகம். தோற்கப்போகும் போரில் கிழட்டுத் தளபதி தன் மகனைத் தப்பிப் போகச் சொல்கிறான். மகன் போகவில்லை. இருவரும் சாகிறார்கள்.

மகன் ஏன் போகவில்லை என்று மாணவர்களிடம் கேட்டாள். புடவைக் கடைக்காரர் மகள் றிஸ்னி, வீரம் என்றாள். விஜயலெட்சுமிக்கு அது போதவில்லை. சாகத் துணிவதையெல்லாம் வீரம் என்று எழுதிவிட்டால் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

“அப்ப பயந்தவனா டீச்சர்?” என்று றிஸ்னி மடக்கினாள்.

“இல்ல. பொறந்ததிலருந்து நில்லு, நில்லுன்னே வளத்துட்டாங்க. கடைசி நிமிசத்துல போன்னா, அவன் காலுக்கு அது தெரியாது.”

அரசனின் அதிகாரம் தகப்பனின் குரலில் வீட்டுக்குள் வந்துவிட்டால் யாரும் அதை அதிகாரம் என்று சொல்வதில்லை, குடும்பப் பெருமை என்பார்கள் என்று விளக்கினாள். விளக்கம் அவளுக்கே திருப்தியாக இருந்தது, வீடு போய்ச் சேரும்வரை.

அம்மா பெரியாயி முழங்கால் வலியால் அந்த மாதத்தோடு கொழுந்து பறிப்பதை நிறுத்தப் போவதாக இருந்தாள். வீட்டுக்கு ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்து அறை தங்கும் என்பது அங்கே வழக்கம். மகள் பெயர் கொடுத்துவிட்டு காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகட்டும், வகுப்பை ஞாயிறோடு வைத்துக்கொள்ளட்டும் என்றாள் அம்மா.

“எங்க தாத்தன் இருந்த வீடு. நம்ம கைய விட்டுப் போவணுமா?”

பள்ளி விடுமுறையில் கொழுந்துக் கூடையைத் தொட்டதற்காக அவளை மலையிலிருந்து குச்சியோடு விரட்டியவளும் இந்த அம்மாதான்.

“சின்னதுலருந்து போ, போன்னு வெரட்டினது நீதானம்மா. இப்ப நில்லுன்னா என் காலு எப்புடி நிக்கும்?”

டவுனில் வாடகைக்குப் பார்த்திருக்கும் அறையைப் பற்றி மகள் நிதானமாகச் சொன்னாள்.

“வெறகு அடுப்பு வெக்க எடமிருக்கா?”

“இருக்கு.”

“உள்ள போயி பாத்தியா? இல்ல வாசல்லயே இங்கிலீசு பேசிட்டு வந்துட்டியா?”

திங்கட்கிழமை இருவரும் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். பெரியாயிக்குப் பதிலாக யார் பெயரைப் பதிவது என்று கிளாக்கர் கேட்டார். விஜயலெட்சுமி வாய் திறப்பதற்குள், எங்கள் வீட்டிலிருந்து இனி யாரும் இல்லை என்று பெரியாயியே சொன்னாள்.