பன்னிரண்டு பேரைக் கரை சேர்த்தவர்

செய்தி வந்தபோது நான் புவனகிரியில், விதைக்கான மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போனில் புன்னைத்திட்டு கலியமூர்த்தி. அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவர், ஊரெல்லாம் கேட்கிற குரல். அன்று அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“சார், டாக்டரம்மா பூட்டாங்க. செம்மண்டலத்துல, வூட்டுலயேதான். காலைல ஆறு மணிக்கு.”

இரண்டு மாதமாக அவர் படுக்கையில் இருந்தார். எதிர்பார்த்ததுதான். இருந்தும் எண்ணிய மூட்டைகளை மூன்று முறை திரும்ப எண்ணினேன், மூன்று முறையும் வேறு வேறு கணக்கு வந்தது. விட்டுவிட்டுக் கடலூருக்குக் கிளம்பினேன்.

முனைவர் அமலோற்பவத்தை உங்களில் பலருக்குத் தெரியும். சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு, கடல் எந்த இடத்தில் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்த்து, வரப்போகும் பருவமழை கூடுமா குறையுமா என்று கணித்தவர். அதை எங்கள் கழிமுகத் திட்டுகளில் மீன் பிடிப்பவருக்கும் பயிர் வைப்பவருக்கும் நேரில் போய்ச் சொன்னவர். நான் குறிஞ்சிப்பாடிக்காரன், வேளாண்மைத் துறையில் வேலை. பதினைந்து வருடம் அவரோடு படகேறி அலைந்தேன், பாதி நாள் சண்டை போட்டேன். ஆகவே இது அழுது முடிக்கிற கட்டுரை இல்லை. ஜெயித்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

புன்னைத்திட்டில் ஒரு பக்கம் உப்பங்கழி, மறு பக்கம் கடல். நடுவே மணல் நிலம். ஒரே வீட்டில் அண்ணன் படகில் போவான், தம்பி மல்லாட்டை போடுவான். நாங்கள் முதன்முதலில் போன அன்று, டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான்கு பேர் முட்டி வலிக்கு மாத்திரை கேட்டு வரிசையில் நின்றார்கள். “நான் அந்த டாக்டர் இல்லைங்க” என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஓர் அம்மாள் கையை நீட்டி, “சும்மா நாடியாவது புடிச்சுப் பாரு தாயி” என்றார். அவரும் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தான் ஓடுது” என்றார். அன்றே பாதி ஊர் அவர் பக்கம் வந்துவிட்டது.

மீதிப் பாதி சுலபத்தில் வரவில்லை. இந்த வருஷம் மழை வழக்கத்தைவிட ஜாஸ்தியாகப் பெய்ய பத்துக்கு ஏழு வாய்ப்பு என்று அவர் சொன்னார். கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா.”

“ரெண்டுல ஒண்ணு சொல்ற ஆளு வேணும்னா சிதம்பரம் கீழவீதில கிளி ஜோசியர் இருக்காரு, பாருங்க. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நான் பத்துக்கு இத்தனைன்னுதான் சொல்வேன்.”

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்து என்ன செய்வது? பத்துக்கு ஏழு என்ற பேச்சை வைத்துக்கொண்டு ஒரு குடியானவன் எதை விதைப்பான்? திரும்பி வரும்போது படகில் இதைச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றேன். அந்தக் கோபத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நிலத்தையே பத்துப் பங்காகப் பிரித்தால் என்ன? ஏழு பங்கை மழைக்குத் தயாராக, மேட்டுப்பாத்தி போட்டு, வடிகால் வெட்டி, தாமதமாக விதைப்பது. மூன்று பங்கை வழக்கம்போல விதைப்பது. அமலோற்பவம் படகிலேயே எழுந்து நின்றுவிட்டார். “குமரவேலு, இத்தன நாளா இத எங்க ஒளிச்சி வச்சிருந்தீங்க?” என்றார். படகு ஆடியது. படகோட்டி எங்கள் இருவரையும் ஏசினான்.

அந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. மூன்று பங்கு மூழ்கியது, ஏழு பங்கு பிழைத்தது. அவ்வளவுதான், ஊருக்கே பத்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்தவனிடம் என்னடா ஆச்சு என்று கேட்டால், “பத்துக்கு எட்டு முடிஞ்ச மாரிதான் மச்சான்” என்பான்.

இன்னொரு வருடம் அவர் சொன்னது பொய்த்தது. மழை வரவில்லை. ஏழு பங்கும் காய, வழக்கம்போல விதைத்த மூன்று பங்குதான் ஊருக்குச் சோறு போட்டது. யாரும் கூப்பிடாமலே அவர் திட்டுக்கு வந்தார். பஞ்சாயத்துக் கூடிய இடத்தில் நின்று, “நான் சொன்னது இந்தத் தடவ தப்பாப் போச்சு. எங்க தப்புன்னு சொல்றேன், கேளுங்க” என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அவருடைய முதல் பேச்சு, போன முறை சொன்னதில் எது சரி, எது தப்பு என்பதுதான். படித்தவர்கள் கூடுகிற எத்தனையோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஆரம்பித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அவர் இருந்தவரை இதை எங்கும் எழுதவில்லை. எழுத வெட்கம்.

ஒரு மார்கழி. மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம். பருவத்துக்குச் சொல்வதுபோலவே அடுத்த நாலைந்து நாளுக்கான கடல் நிலையையும் அவர் திட்டுக்குச் சொல்லியனுப்பத் தொடங்கியிருந்தார். அன்று வந்த சேதி, நாளை மதியத்துக்கு மேல் கடல் கொந்தளிக்க பத்துக்கு ஏழு வாய்ப்பு என்பது. ஊரில் இருந்தது பத்துப் படகு. கலியமூர்த்தி எனக்குப் போன் செய்தார்.

“சார், ஏழு படகு நிக்கட்டும், மூணு போவட்டும். கணக்கு சரிதான?”

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. என் பாத்திக் கணக்கு கடல் வரைக்கும் போய்விட்டதே! “சரிதான்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மறுநாள் விடியலில் மூன்று படகு கிளம்பியது. படகுக்கு நாலு பேர், ஆக பன்னிரண்டு பேர்.

காலை பத்து மணிக்கு வேறு ஏதோ பேச அவர் கூப்பிட்டபோது, இதை நான் பீற்றிக்கொண்டேன். அதற்கு அவர் சொன்னதை வரி பிசகாமல் எழுதுகிறேன்.

“பாத்தி அழிஞ்சா அடுத்த பட்டத்துல விதைக்கலாம் குமரவேலு. ஆள மறுபடி விதைப்பீங்களா?”

பைக்கை எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அவர் பக்கத்தில் செம்மண்டலத்து வீட்டிலிருந்து வந்து, கரையில் கட்டியிருந்த ஒரு படகில் ஏறி, அதன் ஒயர்லெஸ்ஸைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில், அன்று காலையே துறைமுகத்துக்கு வந்திருந்த கலியமூர்த்தி. முகம் வெளிறிப்போயிருந்தது. அவருடைய தங்கை மகளைக் கட்டிய சேகர் மூன்றாவது படகில் இருந்தான்.

மூன்று படகும் கடலூருக்கு நேர் கிழக்கே வலை விட்டிருந்தன. காற்று கிளம்பிவிட்டது. நீரோட்டம் தெற்கே இழுத்தது. அதன் போக்கில் விட்டால் ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். சேகருக்கு அதுதான் ஆசை.

“மாமா, நாங்க நம்ம முகத்துவாரத்துக்கே வந்துடறோம். தண்ணி நல்லா தள்ளுது!”

அமலோற்பவம் ஒயர்லெஸ்ஸை வாய்க்கருகே கொண்டுபோனார். “சேகர், கேளு. நீ அங்க வந்து சேர்றப்போ முகத்துவாரத்துல அல ஒடஞ்சிக்கிட்டிருக்கும். ஆழம் பத்தாது, படகு கவுந்துடும். நேரா மேற்கே புடி. கடலூருக்கு வா.”

“இது எத்தனைக்கு எத்தனைம்மா?” என்று கேட்டான் சேகர். கடல் நடுவில் நின்றுகொண்டு அவன் அதைக் கேட்டான். நான் கற்றுக்கொடுத்த கணக்கு!

“எத்தனையும் கிடையாது. வான்னா வா!”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை எதையும் அப்படி அடித்துச் சொல்லி அவரைக் கண்டதில்லை.

ஒன்றரை மணிக்கு முதல் படகு வந்தது. இரண்டு மணிக்குள் இரண்டாவது. மூன்றாவதைக் காணோம். மழை சாட்டையாக அடித்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று துறைமுகத்துக்காரர்கள் கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை. “சொன்னவங்க இங்கதான் நிக்கணும்” என்றார். நானும் நின்றேன். அன்று நான் வேண்டாத தெய்வமில்லை. சேகரின் படகு என்ஜின் பாதி வழியில் மக்கர் செய்ய, அதைச் சரிசெய்து, தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டே நான்கு மணிக்குத் துறைமுக வாய்க்காலுக்குள் நுழைந்தார்கள். இறங்கியவர்களையும் முன்பே வந்தவர்களையும் அமலோற்பவம் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. கலியமூர்த்தி சேகரைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதார். கரையே கத்தியது, நானும் தொண்டை கிழியக் கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிற வயசா எனக்கு? கத்தினேன்.

அமலோற்பவம் என்னைத் தனியே கூப்பிட்டார். செம்மையாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். “தப்பு உங்களுது மட்டும் இல்ல. ஏழுன்னு சொன்னேன், அதுக்கு என்ன செய்யணும்னு நான் சொல்லல” என்றார். பிறகு, “எல்லாருக்கும் டீ சொல்லுங்க, குளிர்ல நடுங்குறாங்க” என்றார். அவ்வளவுதான்.

மறுவாரமே ஊரைக் கூட்டி ஒரு கட்டுப்பாடு வைத்தார். நிலத்துக்குப் பத்துக் கணக்கு. கடலுக்கு எண்ணே கிடையாது, போகலாம் அல்லது போகக்கூடாது. “நீங்க மொத நாள் கேட்டது சரிதான்யா. கடலுக்கு ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும். எனக்குத்தான் அந்தத் தைரியம் வர இவ்வளவு நாளாச்சு” என்று கலியமூர்த்தியிடம் சொன்னார். அதன்பின் அவர் தடுத்த சில நாட்களில் கடல் தட்டுப்போலக் கிடந்ததும் உண்டு. சும்மா உட்கார வைத்துவிட்டார் என்று பெண்கள்கூடச் சண்டைக்கு வருவார்கள். “கோவிச்சிக்க ஆம்பளைங்க உசுரோட இருக்காங்கல்ல, அது போதும்” என்பார். அந்த மார்கழிக்குப் பிறகு புன்னைத்திட்டில் கடல் ஒருவரையும் எடுக்கவில்லை. இன்று சுற்றியுள்ள திட்டுகள் எல்லாவற்றிலும் அதே கட்டுதான். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு விஞ்ஞானிக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

அடக்கத்தன்று கடல் அருமையாக இருந்தது. அவருடைய அலுவலகத்திலிருந்து, கடலுக்குப் போகலாம் என்றுதான் சேதி வந்திருந்தது. ஆனால் ஊரில் ஒருவர் இறந்தால் யாரும் தொழிலுக்குப் போகாதது அவர்கள் வழக்கம். ஒரு படகும் இறங்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் தலைமுழுகிவிட்டு வந்து, மாறி மாறித் தோள் கொடுத்துப் பெட்டியைக் கல்லறைத் தோட்டம் வரை சுமந்தார்கள். சேகர் கடைசி வரை தோள் மாற்றவேயில்லை.

மண் போட்டு முடித்ததும் கலியமூர்த்தி என்னிடம் வந்தார். “நாளைக்குப் போவலாமா சார்?” என்று கேட்டார். அமலோற்பவத்தின் அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒருமுறை கேட்டேன், மறுபடியும் கேட்டேன். பிறகு, “போங்க” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு பயமாக இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்தவர் அவர். அதைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் திட்டுக்குப் போய்க் கரையில் நின்றேன். மாலையில் கடைசிப் படகும் கரை ஏறிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.