ஏழுமலையான் நகரின் மக்கள்தொகை

மே ஒன்றாம் தேதி காலை ஆறரை மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். சிதம்பரம் ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே இறங்கி, கீரப்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய்.

“ஏழுமலையான் நகர் ஒண்ணு குடுங்க.”

“அது எங்க இருக்கு?” என்றார் கண்டக்டர்.

“வாய்க்காலுக்கு இந்தாண்ட, புதுசா வீடெல்லாம் கட்டியிருக்காங்களே.”

“பம்பு செட்டு ஸ்டாப்புன்னு சொல்லுங்க சார். இந்த ரூட்டு முழுக்க நகருதான், நான் எத்தினிய ஞாபகம் வச்சிக்கறது?”

பம்பு செட்டு இப்போது இல்லை. அது தண்ணீர் இறைத்த வயலும் இல்லை. அந்த வயலின் மேல்தான் நகர் நிற்கிறது. வடக்கே சாலை, தெற்கே பாசன வாய்க்கால். கிழக்கே கீழூர் என்னும் பழைய ஊர், அதை அடுத்து அவ்வூரார் நடும் வயல், அதற்கும் அப்பால் ஓர் ஓடை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. மனை பிரித்தவர் தெருக்களுக்கு நதிகளின் பெயரை வைத்திருக்கிறார். அவர் தந்த வாக்குறுதிகளில் மழைக்காலத்தில் நிறைவேறுவது அது ஒன்றுதான்.

முதலில் வந்தவர் ரோட்டை விட ஓர் அடி உயர்த்திக் கட்டினார். அடுத்து வந்தவர் அவரை விட ஓர் அடி. பிறகு சிமெண்ட் போட்டு ரோடே உயர்ந்தது. ஆக, இங்கே மூத்த குடி யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. யார் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறதோ அவர்தான். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தணிகாசலம் காவிரி தெருவின் கிழக்குக் கோடியில் முதலாவதாகக் கட்டியவர்.

எட்டரை மணிக்கு அவர் வீட்டில் இட்லி. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு.

“இந்த ஐப்பசிக்கும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் பெங்களூருக்குப் பையன் கிட்ட போயிடுவேன் அண்ணே. இவுரு படகு வாங்கிக்கட்டும்” என்றார் அவர் மனைவி வசந்தா. சிரிக்கவில்லை.

“இன்னிக்குக் கிராம சபைல வடிகாலுக்குத் தீர்மானம் போட்டுருவோம்யா. நம்ம நகர்காரன் எல்லாரையும் வரச் சொல்லிட்டேன்” என்றார் தணிகாசலம்.

“ஓட்டு எங்க இருக்கு உனக்கு?” என்றேன்.

“காட்டுமன்னார்கோயில்ல.”

கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை என்று சொன்னேன். சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

“அங்க பேரை எடுத்துட்டா, அப்பா சொத்துல பங்கு வேணாம்னு வுட்டுட்டான்னு அண்ணன் நெனச்சிக்கும்யா. இங்க லிஸ்ட்ட யாரு பாக்கப் போறா?”

நகர் முழுக்க இதே கதைதான். குடியிருப்பவர்களில் ஆசிரியர்கள் உண்டு, லாரி வைத்திருப்பவர்கள் உண்டு, நெல் வியாபாரி உண்டு. யாரைக் கேட்டாலும் ஓட்டு சொந்த ஊரில். பொங்கலுக்குத் தெருவே பூட்டிக் கிடக்கும். செத்தாலும் வண்டி வைத்துச் சொந்த ஊருக்குத்தான் கொண்டுபோகிறார்களாம். நில வரைபடத்தில் நகர் இருக்கிறது, மின் கணக்கில் இருக்கிறது, மக்கள்தான் இல்லை.

பதினொரு மணிக்குக் கீழூர்ப் பள்ளிக்கூட வாசலில் சாமியானா. நகர்காரர்கள் நாற்காலிகளில், கீழூர்ப் பெண்கள் தரையில் விரித்த ஜமுக்காளத்தில். தணிகாசலம் எழுந்து, காவிரி தெருவிலிருந்து கிழக்கே வடிகால் வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினார். நல்ல பேச்சு. கிழக்கே எங்கே போய் முடியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கஸ்தூரி என்ற பெண் எழுந்தார். கிழக்கே குத்தகைக்கு நடுபவர்.

“உங்க கழிவுத் தண்ணிய எங்க நாத்துல வுட்டா நாங்க எங்க போவோம் சார்?”

“அதெல்லாம் இஞ்சினியர் பாத்துக்குவாரும்மா.”

“அவுரு வந்து நடவு நடுவாரா?”

ஜமுக்காளம் சிரித்தது. கை தூக்கச் சொன்னார் ஊராட்சிச் செயலர். நாற்காலிகள் அத்தனையும் கை தூக்கின. “இவுங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். செயலர் பட்டியலைப் புரட்டிவிட்டுச் சங்கடத்தோடு தணிகாசலத்தைப் பார்த்தார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் இறங்கவில்லை. வசந்தாவுடையது.

“உனக்கு எப்படி இங்க?” என்றார் தணிகாசலம்.

“லிஸ்ட் எடுக்க வந்த பொண்ணு, இங்கதான் இருக்கீங்களான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். உங்களையும் கேட்டுச்சு. நீங்க ஊர்ல இருக்கேன்னீங்க.”

பிறகு வசந்தா கஸ்தூரியின் பக்கம் திரும்பினார். “வயல்ல வுட வேணாம். ரோட்டோரமாவே ஓடை வரைக்கும் கொண்டு போவட்டும்.”

“ரோட்டோரம் பூரா உங்க நகர்காரங்க வாசப்படி நீட்டிக்கினு இருக்குதேக்கா.”

“எங்க படிய மொதல்ல ஒடைங்க.”

அந்தப் படி கிரானைட். போன வருஷம்தான் போட்டது. தணிகாசலம் வாயைத் திறந்தார். திறந்த பிறகுதான் தனக்கு இங்கே வாய் கிடையாது என்பது நினைவு வந்திருக்க வேண்டும். கஸ்தூரி கை தூக்கினார். ஜமுக்காளம் தூக்கியது. தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்துக்கும் வடிகாலுக்கும் நடுவே எத்தனை மேஜைகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஐப்பசிக்குள் முடிந்தால் ஆச்சரியம்தான். ஆனால் முதல் மேஜையைத் தாண்டியிருக்கிறது.

மூன்று மணிக்கு பஸ் ஸ்டாப் வரை தணிகாசலம் வந்தார். பேரை மாற்ற என்ன வழி என்று கேட்டார். சொன்னேன், கடினமில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம்.

“அண்ணன் கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு செஞ்சிடறேன்யா.”

என் தெருவில் எல்லா வீட்டுக்கும் பட்டியலில் பெயர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி எத்தனை வருஷமாயிற்று என்பது வேறு விஷயம்.

பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். வடிகால் எங்கே திரும்ப வேண்டும் என்று கஸ்தூரி குச்சியால் ரோட்டோரம் கோடு கிழித்துக்கொண்டு போக, வசந்தா பின்னால் நடந்துகொண்டிருந்தார். ஏழுமலையான் நகரின் மக்கள்தொகை, நான் அறிந்தவரை, ஒன்று. இரண்டாமவர் பம்பு செட்டு ஸ்டாப்பில், போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் அண்ணனின் எண்ணை அழுத்தாமல் நின்றிருந்தார்.