பெரிய வெள்ளியன்று நான் கொடுத்த சுதி

என் ஆயுசில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஓர் ஆள்மீதுதான். ஆனால் அந்த ஒருவர்மீது பட்டதை நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங் முழுக்க வீட்டுக்கு வீடு பங்கு வைத்துக் கொடுத்திருக்கலாம். அவ்வளவு இருந்தது.

அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. பகலெல்லாம் சரக்குச் சீட்டு எழுதுவேன். மாலையில் கோயிலை ஒட்டிய கூடத்தில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனங்கள் நடத்திய கலைப்பள்ளிக்குப் போய் ஆர்மோனிய மாஸ்டர் ஆகிவிடுவேன். பாட்டு, பிடில், சித்திரம், நாடகம் என்று அங்கே நாலு வகுப்பு. நாலுக்கும் தலை நான்தான் என்பது என் எண்ணம். பள்ளியைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுச் சாமியார் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

பெண்களின் பாட்டு வகுப்பு மட்டும் எனக்குத் தலைவலி. வருகிறவர்கள் எல்லாரும் குடும்பக்காரிகள். பாதிப் பாட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பு ஞாபகம் வந்து எழுந்து ஓடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு விதவையம்மா கப்பலேறி அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கன்னியர் மடத்துப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவராம். "பெண்கள் வகுப்பை அவர்களிடம் கொடுத்துவிடலாமே சாமி" என்று சிபாரிசு செய்தவன் சாட்சாத் நானேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

வந்த முதல் நாளே அந்தம்மா ஆர்மோனியப் பெட்டியை மூடச் சொன்னார். மூடியதோடு விட்டாரா, அதன்மேல் தன் குடையையும் வைத்தார். நான் வெளியே நடையில் உட்கார்ந்து என் வகுப்புப் பையன்களுக்குக் காத்திருந்தேன். சன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுல உள்ளவங்கள எப்படிக் கூப்புடுவீங்களோ அப்படி இங்க நின்னு கூப்புடுங்க. ஒவ்வொருத்தரா வாங்க."

ஒருத்தி மகனைக் கூப்பிட்டாள். ஒருத்தி பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். இது என்ன பாட்டு வகுப்பா, பசாரில் மீன் விற்கிற இடமா என்று நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து, "என்னங்க!" என்று ஒரு குரல் வந்தது. கனத்து, வட்டமாக, கூடத்தின் மூலை வரைக்கும் போய் நின்ற குரல். நான் சட்டென்று எழுந்து, "என்ன?" என்றேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கூப்பிட்டது என் மனைவி. பன்னிரண்டு வருடமாக அவள் அப்படித்தான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல என்பதும் அதே நிமிடத்தில் உறைத்தது. அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அவள் என் பெட்டிக்கு ஒரு பாட்டுப் பாடினாள். பாதியில் நிறுத்தி, "உனக்குக் குரல் இல்லை, பின்வரிசையில் நின்று வாயை அசை, போதும்" என்று சொன்னவன் நான். அவளும் அப்படியே வாயசைத்துக்கொண்டு இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அந்தம்மா நேராக என்னிடம் வந்தார். பக்கத்தில் பிடில் மாஸ்டர் வேறு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நாலரைக் கட்டை. பொட்டியில வெச்சுப் பாத்துட்டேன். இத்தன வருசமா அஞ்சரையில பாடச் சொன்னா எங்கேருந்து வரும்? பாவம்."

கட்டை என்பது சுதியின் அளவு. பெட்டியில் எந்த இடத்தில் ஒருவருக்குக் குரல் சுகமாக நிற்கிறதோ அதுதான் அவருடைய கட்டை; எண் கூடினால் சுதியும் உயரும். அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் ஆர்மோனிய மாஸ்டரின் முதல் வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கண்டுபிடித்த நான் வீட்டில் இருந்தவளுக்குக் கண்டுபிடிக்கவில்லை என்று அந்தம்மா பிடில் மாஸ்டர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். பிடில் மாஸ்டர் சும்மா இருப்பாரா? "என்ன மாஸ்டர், வீட்டு மொளகா காரமில்லன்னு நெனச்சுட்டீங்களா?" என்றார். நான் அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

வீட்டில் அவள் அம்மியில் அரைக்கும்போது முனகினாள், துணி உலர்த்தும்போது முனகினாள். "டீச்சர் சொன்னாங்க" என்று ஆரம்பிக்காத பேச்சே இல்லை. மூச்சை எங்கே விட வேண்டும் என்று டீச்சர் சொன்னார்களாம். தோளைத் தூக்கக் கூடாதாம். நான் குழம்பில் உப்பில்லை என்றேன். உப்பு இருந்தது. அவள் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு மறுபடியும் முனகப் போய்விட்டாள்.

தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவைப்பாதை முடிந்த பிறகு, தேவமாதாவின் புலம்பலைப் பெண்கள் பாடுவது எங்கள் கோயில் வழக்கம். முதல் வரியை ஒருத்தி தனியாக எடுக்க வேண்டும், பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த வருடம் முதல் வரி என் மனைவிக்கு என்று அந்தம்மா சொல்லிவிட்டார். சாமியாரும் தலையாட்டிவிட்டார். பின்வரிசையில் வாயசைத்தவளைச் சனங்கள் எல்லாரும் கேட்கப்போகிறார்கள். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே உடைந்துபோனால் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய வியாழக்கிழமைப் பூசையில் மணிகள் அடித்து ஓய்ந்தால் சனிக்கிழமைக் காலை வரைக்கும் கோயிலில் மணி கிடையாது, பெட்டி கிடையாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஆகையால் புலம்பலுக்கு யாராவது வாயால்தான் சுதி கொடுக்க வேண்டும். வருடா வருடம் நான்தான் கொடுப்பேன். பெட்டி இல்லாமலே எந்தக் கட்டையையும் என்னால் தொண்டையில் எடுக்க முடியும். அதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை.

"எனக்கு அந்த வரம் இல்ல மாஸ்டர்" என்று அந்தம்மாவே வந்து கேட்டார். "அன்னிக்கு நீங்கதான் நாலரை எடுத்துக் குடுக்கணும். அவங்க ஒங்க சுதிய நம்பித்தான் நிக்கிறாங்க."

"கொடுக்காமல் என்ன" என்றேன்.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்துகூடப் படகேறி வந்திருந்தார்கள். மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடமிருந்து ஒரு முழத்தில், வெள்ளைச் சேலை தலைமேல் இழுத்துவிட்டு நின்றாள். அந்தம்மா கடைசி வரிசையில் வயதானவர்களோடு நின்றார். நான் முனகுவது அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

முன்பே தீர்மானம் செய்துகொண்டு போனேன் என்றால் அது அதிகம். ஒன்றும் நினைக்காமல் போனேன் என்றால் அது பொய். மரக்கட்டை தட்டி ஓய்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல, கடைசி வரிசையை. அந்தம்மா அங்கிருந்து தலையை ஆட்டினார், இவள் முகம் தெளிந்தது. அவ்வளவுதான். அவள் காதருகே குனிந்து, ம் என்று சுதி கொடுத்தேன். நாலரை அல்ல. ஆறு கட்டை.

அந்தச் சுதியில் எடுத்தால் இரண்டாம் வரியின் உச்சத்தில் அவள் குரல் கீறிப்போகும். கீறினால் சனங்கள் அந்தம்மாவின் பாடத்தைத்தான் குறை சொல்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் பாடவில்லை. வாய் திறந்தபடி நின்றாள். ஒரு மூச்சு போயிற்று. இரண்டு மூச்சு போயிற்று. பின்னால் யாரோ இருமினார்கள். மறந்துவிட்டாள் என்று முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் எடுத்தாள். நாலரையில், மயிரிழை பிசகாமல், மெதுவாக எடுத்தாள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுகிற மாதிரி இருந்தது. உச்சத்துக்குப் போனபோதும் குரல் அசையவில்லை. கிழவிகள் வாய்விட்டு அழுதார்கள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பக்தியில் அழுகிறவனையும் பொறாமையில் அழுகிறவனையும் கோயிலில் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

வெளியே வந்ததும் அந்தம்மா என் முன்னால் கைகூப்பினார். "நல்ல சுதி குடுத்தீங்க மாஸ்டர். அதான் கம்பி மாதிரி நின்னாங்க." என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். செருப்பைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

டிராமேறி ஜெலுத்தோங்குக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து நோன்புக்கான ஒருசந்திக் கஞ்சியை ஊற்றி வைத்தாள்.

"தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு" என்றேன். "சுதி தூக்கிடுச்சு போல."

"ஆறு கட்டை குடுத்தீங்க."

தூக்கிவாரிப் போட்டது. அந்த நிலைமையிலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஆறு கட்டைன்னெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவளா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"டீச்சர் பாட்டுதாங்க சொல்லிக் குடுத்தாங்க. வெடியக்காலையில நீங்க வீட்டுப் பொட்டியத் தொறந்து ஒவ்வொரு கட்டையா வெச்சு, பேரு சொல்லிச் சொல்லி ஊதிப் பாப்பீங்கல்ல? பன்னெண்டு வருசமா அடுப்படியில நின்னு கேக்குறேன். எது நாலரை, எது ஆறுன்னு எனக்குத் தெரியாதா? கட்டையெல்லாம் ஒங்ககிட்ட படிச்சதுதான்."

சொல்லிவிட்டுத் துவையலை என் பக்கம் நகர்த்தினாள். யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்றுதானே அத்தனை மாதம் வெந்துகொண்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. அதைக் கேட்டு மகிழ எனக்கு முகமில்லை.

மறுநாள் சனிக்கிழமைக் காலை உயிர்ப்புப் பூசை; அப்போதெல்லாம் அது காலையிலேயே நடக்கும். மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. தவக்காலத்துக்காகப் பீடத்தை மூடியிருந்த ஊதாத் துணியை இழுத்தார்கள். நான் பெட்டியைத் திறந்து சுதியை வைத்தேன். பெட்டியில் வைத்த சுதி, பொய் சொல்லாது. பெண்கள் எல்லாரும் உடனே எடுத்தார்கள். முன்வரிசையில் அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தலையை லேசாகச் சாய்த்து, முதல் வரி முழுவதையும் கேட்டாள். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இரண்டாம் வரியில் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ திருநாளுக்கு அவள் என் பெட்டிக்குப் பாடியிருக்கிறாள். முதல் வரியில் ஒருநாளும் சேர்ந்ததில்லை.